சவுரியம்மாள் கேட்ட கேள்வி

திண்டிவனம் வழி,
8-9-1986

அன்புள்ள லூர்துமேரி டீச்சருக்கு,

ராயப்பன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இரண்டு வரியாவது படியுங்கள்.

பத்து வருடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்துக் கட்டளைகளையும் சொல்ல வைத்து, இந்தப் பத்தும் இரண்டில் அடங்கும், ஆண்டவரை நேசிப்பது ஒன்று, தன்னை நேசிப்பது போலப் பிறரை நேசிப்பது இன்னொன்று என்று முடித்தேன். கோவிலைக் கூட்ட வந்த உங்கள் அம்மா துடைப்பத்தோடு தூண் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், பத்து ரெண்டுல அடங்கிச்சே, அந்த ரெண்டும் ஒண்ணுல அடங்காதா? எனக்கு ரெண்டை ஞாபகம் வச்சிக்கிறதே பேஜாரா இருக்குது" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அடங்காது சவுரியம்மா, ரெண்டும் ரெண்டுதான்" என்றேன். "சரி சார், நீங்க படிச்சவங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டப் போய்விட்டார்.

நான் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. வீட்டில் பேச ஆளில்லை. மனைவி போய் ஆறு வருடம். மகள் துரைக்கண்ணு வீட்டு மருமகளாக அடுத்த தெருவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொண்டுவருவாள். மற்ற நாட்களில் காலை எட்டேமுக்காலுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறேன். பள்ளிக்கூடம் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் கழற்றி மாட்டுகிறேன்.

ஓர் உதாரணம் தோன்றியது. ஒரே கிணற்றில் இரண்டு ராட்டினம் போட்டிருந்தால், இந்தப் பக்கம் இறைப்பவருக்கும் அந்தப் பக்கம் இறைப்பவருக்கும் கிடைப்பது ஒரே தண்ணீர்தான். இரண்டு கட்டளையும் அப்படி இருக்குமோ? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாமல் ஒரு கார்டு போடுங்கள்.

ராயப்பன்


விழுப்புரம்,
15-9-1986

ராயப்பன் சார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

"நடந்ததை" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன நடந்தது? யார் செய்தது? எட்டாம் வகுப்புப் பையன் இப்படி மொட்டையாக எழுதினால் சிவப்பு மையில் "எது?" என்று சுழித்துக் கேட்பீர்கள். பதினெட்டு வருடம் பக்கத்து வகுப்பில் இருந்து பார்த்தவள் நான்.

கிணற்று உதாரணம் வேண்டாம் சார். உங்கள் தெருக் கிணற்றில் எங்கள் காலனிக் குடம் இறங்கியதே இல்லை. அதில் எத்தனை ராட்டினம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எழுதுவதானால் முழுதாக எழுதுங்கள். நான் கார்டில்தான் எழுதுகிறேன். யார் படித்தாலும் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் கவரில் எழுதினாலும் சரி.

லூர்துமேரி


திண்டிவனம் வழி,
22-9-1986

அன்புள்ள டீச்சருக்கு,

கிணற்றைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கிணற்றில் குளிக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

சரி, எழுதுகிறேன். எண்பத்து நான்காம் வருடம் ஐப்பசி மாதம் உங்கள் அம்மா காலமானார். மூன்று நாளாக விடாத மழை. சவம் தூக்கும் காலனித் தூம்பா கரையான் அரித்துக் கிடந்தது. கோவிலுக்குப் பின்னால் கொட்டகையில் இருக்கும் தூம்பாவுக்கு நல்ல மூடி உண்டு, உள்ளே வைத்துத் தூக்கிப் போனால் உடல் நனையாது. அதைக் கேட்டு நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். அது காலனிக்குப் போகும் வழக்கம் இல்லை. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் போனதில்லை. கொட்டகை என் பொறுப்பில் இருந்தது. பங்குச் சாமியார் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார். அவரைக் கேட்காமல் நான் எப்படிக் கொடுப்பது?

இன்னொன்றும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். தை மாதம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி துரைக்கண்ணுதான் எங்கள் தெருவுக்குப் பெரியவர். நான் கொடுத்திருந்தால் கல்யாணம் நின்றிருக்கும். தாயில்லாத பெண்.

என் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. நீங்கள் வாய்க்கால் தாண்டி உங்கள் கல்லறைக்குத் தூக்கிப் போனபோது ஜன்னலில் நின்று ஜெபமாலை சொன்னேன். ஐம்பத்து மூன்று மணியும் சொன்னேன். அடுத்த ஞாயிறு அம்மாவின் ஆத்துமத்துக்காகப் பூசையும் வைத்தேன். அது உங்களுக்குத் தெரியும்.

ராயப்பன்


விழுப்புரம்,
2-10-1986

ராயப்பன் சார் அவர்களுக்கு,

இன்று விடுமுறை. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். கார்டு போதாது.

நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதை நான் எழுதுகிறேன்.

நான் உங்கள் வாசலில் நின்றேன். புடவை முழுக்க நனைந்திருந்தது. "சார், தூம்பா வேணும். அம்மா நனையக் கூடாது" என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், "சாவி சாமியார்கிட்ட இருக்கு டீச்சர். அவரு பாண்டிக்குப் போயிருக்காரு" என்றீர்கள். உங்களுக்குப் பின்னால் சுவரில் திரு இருதயப் படம் இருந்தது. அதற்குக் கீழே ஆணியில் அந்தச் சாவி தொங்கியது. சிவப்புக் கயிறு போட்ட நீளச் சாவி. பதினெட்டு வருடம் உங்களோடு வேலை செய்தவள். பெரிய வாரத்தில் போடும் பாஸ்கு நாடகத்துக்கு அந்தக் கொட்டகையிலிருந்து சாமான் எடுக்க எத்தனை தடவை நீங்களே அதை என் கையில் கொடுத்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா?

நான் சாவியைப் பார்த்தேன். நான் பார்த்ததை நீங்கள் பார்த்தீர்கள். அப்போதும், "மழை விட்டா பாக்கலாம்" என்றீர்கள்.

அம்மாவை அவள் படுத்த கயிற்றுக் கட்டிலிலேயே தூக்கினோம். வெள்ளைத் துணி ஐந்து நிமிடத்தில் உடம்போடு ஒட்டிவிட்டது. நான் முகத்துக்கு மட்டும் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். இறங்கும்போது கட்டிலின் ஒரு கால் கல்லில் இடித்து முறிந்தது. கொத்தனார் முத்துசாமி, "ஏய், அப்புடியே புடிங்கடா, சவுரியக்கா எறங்கிடப் போவுது" என்று கத்தி, தன் தோளை முட்டுக் கொடுத்து மேலே கொண்டுவந்தார்.

மறு ஞாயிறு பூசையில் சாமியார் வாசித்தார்: "ராயப்பன் ஆசிரியர் கருத்துப்படி, சவுரியம்மாள் ஆத்தும இளைப்பாற்றிக்காக." அன்றுதான் மாற்றல் கேட்டு எழுதினேன். சாவியைக்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. அந்தப் பூசையைத்தான் தாங்க முடியவில்லை.

முறிந்த காலை முத்துசாமி சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். கட்டிலை இங்கே கொண்டுவந்துவிட்டேன். அதில்தான் படுக்கிறேன்.

இங்கே நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டீர்களா, இல்லை. நானே சொல்கிறேன். ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறை, ஒரு சமையல் இடம். ரயில் போனால் பாத்திரம் அதிரும். பக்கத்து வீட்டில் கிருஷ்ணவேணி என்று ஓர் அம்மாள். "டீச்சர், உள்ள இருக்கீங்களா? மல்லாட்டை அவிச்சேன், சூடா இருக்குது" என்று கதவைத் தட்டுவார். நான் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்பேன். நாலு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவார். திறந்தால் பேசுவார். பேசினால் எந்த ஊர் என்பார். ஊரைச் சொன்னால் எந்தத் தெரு என்பார். அதோடு அந்த வேர்க்கடலையும் நின்றுவிடும். நிற்பதற்கு முன்னால் நானே நிறுத்திக்கொள்கிறேன்.

லூர்துமேரி


திண்டிவனம் வழி,
3-11-1986

டீச்சர்,

சாவி என் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. நான் பொய் சொன்னேன்.

இந்த இரண்டு வரியை எழுத எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. எழுதி எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் "ஆனால்" என்று ஒரு சொல் வந்து நின்றது. இப்போது அதை எடுத்துவிட்டேன்.

இதற்குள் இங்கே ஒன்று நடந்தது. உங்களுக்குச் செய்தி வந்ததோ தெரியவில்லை. முத்துசாமி இறந்துவிட்டார். போன மாதம் இருபத்து நான்காம் தேதி, மார்வலி. காலையில் கோவில் மணி அடித்தது. சட்டையைப் போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை கழற்றவில்லை. சாவியை எடுத்துப் போய்க் கொட்டகையைத் திறந்து, தூம்பாவை வெளியே இழுத்துப் போட்டுத் துடைத்தேன். தனியாகத் தூக்க முடியாது, நாலு பேர் வேண்டும். காலனிக்கு நடந்தேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒருமுறை வாசல் வாசலாக நின்று போனதோடு சரி, அந்தத் தெருவுக்குள் நான் போனதில்லை.

முத்துசாமியின் மனைவி வீரம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். "தூம்பாவை எடுத்து வச்சிருக்கேம்மா. நாலு பேரை அனுப்புங்க" என்றேன்.

அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ நாளா எங்க சார் இருந்திச்சி அந்த சாவி?"

"என் வீட்டு ஆணியிலதாம்மா இருந்துச்சி."

"எங்க சவுரியக்கா மழையில ஊறிக்கினு போச்சே, அன்னிக்கு?"

"அன்னிக்கும் அங்கதான் இருந்துச்சி."

"அப்ப அங்கியே இருக்கட்டும். அக்காவுக்கு இல்லாதது எங்க ஊட்டுக்காரருக்கு வேணாம்" என்றார்.

போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ஐம்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் நல்லெண்ணத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் வீரம்மாளின் தம்பி வெங்கடாசலம் சொன்னார்: "சார், கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆளு கம்மியா இருக்குது. வர்றதா இருந்தா துண்டை மடிச்சித் தோள்ல போட்டுக்கினு வாங்க. இல்லன்னா வழிய உடுங்க."

துண்டை மடித்துப் போட்டுக்கொண்டேன்.

நான் குள்ளம். என் பக்கம் கட்டில் சாய்ந்தது. "சார், முட்டியை மடக்காதீங்க. மாமா உருண்டு வந்துடப் போறாரு" என்றார் வெங்கடாசலம். அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஆனாலும் இறங்கும் இடத்தில் அந்தக் கல் இருக்கிறது. அங்கே கால் வைத்தபோது உங்கள் அம்மாவின் கட்டில் எங்கே முறிந்திருக்கும் என்று தெரிந்தது. என் ஜன்னலிலிருந்து அந்த இடம் தெரியாது டீச்சர். ஜன்னல் எட்டும் தூரம் வரைதான் நான் ஜெபமாலையோடு வந்திருக்கிறேன்.

சாயங்காலம் துரைக்கண்ணு வந்தார். கோபப்படவில்லை. "சம்பந்தி, கொட்டகை சாவியைக் குடுங்க. வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு அந்தப் பாரம்" என்று கை நீட்டினார். கொடுத்தேன். அந்த ஞாயிறு மகள் வரவில்லை. நேற்றும் வரவில்லை. தெருவில் எதிரே வருகிறவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

நேற்று கல்லறைத் திருநாள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் மனைவிக்கு ஒரு மெழுகுவத்தி வைத்துவிட்டு, வாய்க்கால் தாண்டி உங்கள் அம்மாவிடம் போனேன். யாரோ புல் செதுக்கி வைத்திருந்தார்கள். அங்கே நின்று பதில் சொன்னேன். "அடங்கும் சவுரியம்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். பவுல் என்னும் அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் நியாயப்பிரமாணம் முழுவதையும் பிறரை நேசிப்பது என்ற ஒன்றில்தான் அடக்கியிருக்கிறார். எத்தனை தடவை கோவிலில் வாசித்திருக்கிறேன்! முதலாவதை ஜன்னலில் நின்று செய்துவிட்டேன், இரண்டாவதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதைச் செய்யாதபோது முதலாவதும் நடக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கிறேன். கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

ராயப்பன்


விழுப்புரம்,
14-11-1986

ராயப்பன் சார் அவர்களுக்கு,

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். கை போகவில்லை. நீங்கள் இப்போதுதான் பொய்யை விட்டிருக்கிறீர்கள், நான் ஆரம்பிக்க வேண்டாம். கை போகும்போது எழுதுகிறேன்.

முத்துசாமி அண்ணன் செய்தி எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தில்தான் படித்தேன். அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அவர் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று அம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். "சார் அடங்காதுன்னுட்டாரு. எனக்கு இன்னாவோ அடங்கும்னுதான் தோணுது. அந்த ரெண்டாவதை ஒழுங்கா செஞ்சா மொதலாவது பின்னாலயே வந்துடும், ஆட்டைப் புடிச்சா குட்டி வர்ற மாதிரி. சாருகிட்ட எதுக்கு வம்புன்னு வந்துட்டேன்" என்றாள். உங்கள் உதாரணத்தை விட அவளுடையது நன்றாயிருக்கிறது.

இரண்டு நாளைக்கு முன் வீரம்மாள் இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தவள், தேடிப்பிடித்து என் அறைக்கும் வந்தாள். உங்களைப் பற்றித்தான் பேச்சு.

"சாருக்கு மூணு நாளு ஜொரம் டீச்சர். கதவு உள்ள தாப்பா, வெளிய ஒரு ஈ காக்கா இல்ல. வாசக் கூட்டலியேன்னு நான்தான் போயி தட்னேன். ரொம்ப நேரம் கழிச்சி சொவத்தைப் புடிச்சிக்கினு வந்து தொறந்தாரு. இன்னும் ரெண்டு நாளு உட்டிருந்தா நாறிப்போய்தான் தெரிஞ்சிருக்கும்" என்றாள். "உனக்கு எதுக்குடி அந்தத் தெருவுல வேலை?" என்று கேட்டேன். "அதான் எனக்கும் தெரியல. ஒரு பக்கம் கட்டில் தூக்குனாரே" என்றாள்.

ஜுரத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

எப்போதும் பாடம் முடிந்ததும் வீட்டுப்பாடம் கொடுப்பவர் நீங்கள். இந்தத் தடவை நான் கொடுக்கிறேன். உள்தாழ்ப்பாள் போடுவதை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கும் கதவுப் பூட்டை மட்டும் பூட்டிப் படுங்கள். உங்கள் வீட்டுப் பூட்டுக்கு இரண்டு சாவி இருக்கும். ஒன்றை வீரம்மாளிடம் கொடுங்கள். கொட்டகைச் சாவி உங்களுடையது இல்லை, கொடுக்கப் பயந்தீர்கள். இது உங்களுடையது.

லூர்துமேரி


திண்டிவனம் வழி,
1-12-1986

அன்புள்ள டீச்சருக்கு,

வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன். ஒரே தடவையில் முடியவில்லை.

முதலில் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வீரம்மாள் வீட்டுக்குப் போய் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு எதுக்கு சார் உங்க ஊட்டு சாவி? நாளைக்கு ஒரு சொம்பு காணாமப் போனா என் தலையிலதான் போடுவாங்க. ஒளிச்சிக் குடுக்கறதா இருந்தா வேணாம். குடுக்கறதுன்னா நாலு பேரு பாக்கக் குடுங்க."

திரும்பி வந்துவிட்டேன். எனக்கு மீண்டும் பயம். நாலு பேர் பார்த்தால் மகளை இனி அனுப்பவே மாட்டார்கள் என்று. ஒரு வாரம் சாவி மேசையில் கிடந்தது. அந்த ஆணி காலியாகத்தான் இருந்தது, அதில் மாட்ட மட்டும் மனம் வரவில்லை.

நேற்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பூசை முடிந்து இரண்டு தெருவும் கோவில் வாசலில் நின்றது. துரைக்கண்ணு நின்றார், மாப்பிள்ளை நின்றார், மகள் குழந்தையோடு நின்றாள். நான் வீரம்மாளிடம் போய், "அம்மா, இது என் வீட்டுச் சாவி. எனக்கு ஒண்ணு ஆச்சின்னா நீங்கதான் தொறக்கணும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். வகுப்பில் பேசுகிற குரல், வேண்டாமென்றாலும் பெரிதாகத்தான் வருகிறது.

வீரம்மாள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். "சும்மா எல்லாம் வர மாட்டேன் சார். வாசக் கூட்டலன்னாதான் வருவேன்" என்றார்.

துரைக்கண்ணு போய்விட்டார். மகளும் பின்னால் போனாள். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு வருவாளா என்றும் தெரியாது. வீடு முன்னைவிட அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று தாழ்ப்பாள் போடாமல் படுத்தேன், நன்றாகத் தூங்கினேன்.

மன்னிப்பு வரும்போது வரட்டும். நான் கேட்டு எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும். உங்களுக்கும் ஜுரம் வரும் டீச்சர். ரயில் சத்தத்தில் நீங்கள் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. எந்தத் தெரு என்று கிருஷ்ணவேணி அம்மாள் கேட்பாரோ மாட்டாரோ, கதவைத் திறக்காதவரை உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதற்கு உதாரணம் எதுவும் எழுதப் போவதில்லை.

உங்கள் அறையின் இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு, இது கிடைத்த அன்றைக்கே, விளக்கு வைப்பதற்குள், பக்கத்து வீட்டுக் கதவை நீங்கள் தட்டுங்கள்.

ராயப்பன்